லாயிட்டின் இரண்டாவது நம்பர்

பாஸ்போர்ட் போட்டோவில் சிரிக்கக் கூடாது என்பது, அரசாங்கம் போட்ட சட்டங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது. சிரிக்க முடியாத ஆள் என்ன செய்வார்? பேசுவார். ஸ்டூலில் உட்கார்ந்து காலரை இழுத்து விட்டுக்கொண்டு, நான் லைட்டை நகர்த்தி முடிப்பதற்குள் எந்த நாட்டுக்குப் போகிறார், யார் கூப்பிட்டார்கள், பெண்டாட்டி ஏன் கூடப் போகவில்லை எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். ஆஸ்டின் டவுனில் பேக்கரிக்கு மேல் மாடியில் என் ஸ்டூடியோ. கீழே பஃப்ஸ் வாசனை, மேலே ஊர்ச் சமாச்சாரம். படியேறி வந்தவர்களில் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனவர்கள் ரொம்பக் குறைவு.

எல்லம்மா மேடம், நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். கன்னடம் எனக்குப் பேச வரும், எழுத வராது. அதனால் தமிழில் எழுதுகிறேன். ஸ்டேஷனில் தமிழ் படிக்கிற ஏட்டு ஒருவர் இருக்கிறார் என்றீர்கள். அவரிடம் சொல்லிவையுங்கள், நான் கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் வருவேன். ஆனால் வந்து சேர்ந்துவிடுவேன். எங்கள் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனமாகச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவர் கேட்டதை யாரிடமும் சொல்ல மாட்டார். அப்படிப்பட்டவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதில் எனக்கு என்றைக்குமே ருசி இருந்ததில்லை.

லாயிட் எனக்கு எதிர்வீடு. என் சமையலறை ஜன்னலில் நின்றால் அவர்கள் வீட்டு சாப்பாட்டு மேசை தெரியும். பார்க்க வேண்டும் என்று பார்ப்பதில்லை, பாத்திரம் கழுவும்போது கண் போகிறது. வைட்ஃபீல்டில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசராக இருந்தான். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவான், ராத்திரி அதே பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்து இறங்குவான். அவன் மனைவி நோரா பள்ளிக்கூட டீச்சர். குழந்தை இல்லை. ஏன் இல்லை என்பதும் எனக்குத் தெரியும், ஆனால் இந்த விஷயத்துக்கு அது தேவையில்லை. இளவயதில் லாயிட் எங்கள் ஏரியா ஃபுட்பால் டீமில் கோல்கீப்பர். ஆஸ்டின் டவுனில் கோல்கீப்பராக இருந்தவனுக்குக் கிழவனாகும்வரை டீக்கடையில் மரியாதை உண்டு.

இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று தெரிந்த அன்றைக்கு அந்த வீட்டில் அழுகை இல்லை. பாத்திரம் விழும் சத்தம் மட்டும் கேட்டது. நான்தான் முதலில் போய்க் கதவைத் தட்டினேன். நோரா தன் கிட்னியைத் தருகிறேன் என்றாள், அவளுக்குச் சர்க்கரை இருந்ததால் டாக்டர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மூளைச்சாவு ஆனவர் யாருடைய கிட்னியாவது கிடைத்தால்தான் உண்டு என்று காத்திருப்போர் வரிசையில் பெயரைப் பதிந்தார்கள். அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். உடனே கிளம்பிப் போக வேண்டும். போனை எடுக்காவிட்டாலோ போக முடியாவிட்டாலோ, கிட்னி வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதுவரை வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு.

ஆஸ்பத்திரியில் இரண்டு நம்பர் கேட்டார்கள். முதல் நம்பர் லாயிட்டுடையது. இரண்டாவதாக யாருடையதைக் கொடுப்பது என்ற பேச்சு அவர்கள் வீட்டு மேசையில்தான் நடந்தது. அன்று நான் ஜன்னலில் இல்லை, மேசையிலேயே இருந்தேன்.

"என் நம்பரைக் குடுத்து என்னா பிரயோஜனம்?" என்றாள் நோரா. "காலையில உள்ள போனதும் எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லா போனையும் அலமாரில போட்டுப் பூட்டிருவாங்க. கிளெமென்ட் அண்ணா நம்பரைக் குடு."

"அதுவும் கரெக்டுதான்," என்றான் லாயிட். "ஆம்புலன்ஸ்காரன்கூட மூணு ரிங் விடுவான். நம்ம ஆளு மொத ரிங்குலயே அலோன்னுவான். எங்க நமக்கு முன்னாடி வேற யாருக்காவது சேதி போயிருமோன்னு பயம்."

"அண்ணாவப் போய் அப்படிச் சொல்லாத."

"நெசத்ததானே சொல்றேன். இல்லியா கிளெமென்ட்?"

நானும் சிரித்தேன். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது. இப்போதும் பாராட்டுதான்.

அதற்குப் பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் மாறிவிட்டன. பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றால் ஜனங்கள் என்னிடம் வருவார்கள். நோராவிடம் நேரே கேட்டால் அவள் கண் கலங்கிவிடுகிறாள், கேட்டவருக்குச் சங்கடம். அதனால் என்னிடம் கேட்டார்கள். மூன்றாவது கிராஸ் தெரு மௌரீன் அக்கா தன் மகளுக்கு வந்த வரன்களைப் பற்றி மட்டும்தான் பேசுவாள். என்னை அவள் முப்பது வருஷமாக ஒரு கேமராவாகத்தான் பார்த்திருந்தாள். அவளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "லாயிட்டுக்கு எப்படிப்பா இருக்கு?" என்றாள். கிரியாட்டினின் என்றால் என்ன, டயாலிசிஸ் முடிந்ததும் ஏன் உடம்பு நடுங்குகிறது, இடது கையில் ரத்தக்குழாயைத் தைத்துப் பெரிதாக்குவது எதற்கு என்றெல்லாம் விளக்கினேன். கிறிஸ்மஸுக்கு எனக்கு எத்தனையோ வீட்டிலிருந்து கேக் வந்தது. கல்யாணம் ஆகாத ஆளுக்கு இவ்வளவு கேக் வருவது சாதாரண விஷயம் இல்லை.

இப்போது படத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதும் அதைத்தான், ஒரு போட்டோவுக்காகவா இப்படிச் செய்தாய் என்று.

நகரத்தில் எங்கள் போட்டோக்காரர்கள் சங்கம் வருஷத்துக்கு ஒரு கண்காட்சி வைக்கும். நான் அனுப்பிய படங்கள் எல்லாம் திரும்பி வந்தவை. "சுத்தமாக இருக்கிறது" என்பார்கள். சுத்தமாக இருக்கிறது என்றால் உயிர் இல்லை என்று அர்த்தம். பாஸ்போர்ட் போட்டோ, கோவிலில் பிள்ளைகள் முதல் தடவை நற்கருணை வாங்கும் புதுநன்மை போட்டோ, மௌரீன் அக்காவின் மகளை ஒவ்வொரு வருஷமும் அதே வயதில் காட்டும் வரன் போட்டோ, இதையே எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரே ஒரு முகத்தை ஒழுங்காக எடுக்க வேண்டும் என்று ஆசை இருக்கக் கூடாதா? எதிர்வீட்டில் அந்த முகம் இருந்தது. டயாலிசிஸ் லாயிட்டின் கன்னத்தைச் செதுக்கிவிட்டிருந்தது. போன் அடிக்கும்போதெல்லாம் அந்த முகத்தில் ஒன்று எழுந்து நிற்கும், வேறு யாரோ என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிடும். அப்படி ஒரு முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

படத்தின் யோசனை என்னுடையது. கோல்கீப்பர் பெனால்டிக்குக் காத்திருக்கிறான். ராத்திரி, மழை, மைதானத்து விளக்கு. பின்னால் வலை. அவன் முகத்தின் மேலும் வலையின் நிழல்.

லாயிட்டுக்கு யோசனை பிடித்துவிட்டது. "எடு. ஆனா பேஷண்ட் மாதிரி எடுக்காத. சவப்பெட்டி மேல வெக்கிற மாதிரி எடுத்தேன்னா நானே எந்திரிச்சு வந்து ஒதைப்பேன்," என்றான்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கியதிலிருந்து அந்த லைட்டோடு மல்லுக்கு நின்றேன். சுவரில் கறுப்புத் துணி. மேலே வலப்பக்கம் ஒரே ஒரு லைட். வெளிச்சத்தைப் பரப்புகிற குடையை லைட்டில் மாட்டினால் நிழல் கரைந்துவிடுகிறது, அதனால் குடையைக் கழற்றிவிட்டு வெறும் பல்பாக வைத்தேன். நிழல் கூர்மையாக விழ வேண்டும் என்றால் லைட் சின்னதாக இருக்க வேண்டும், தூரத்தில் இருக்க வேண்டும், வலை முகத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ரொம்பப் பக்கத்தில் வந்தால் வலையே படத்தில் தெரியும். ஒரு ஜாண் அப்படி, ஒரு ஜாண் இப்படி. லாயிட்டுக்குப் பதிலாக ஸ்டூலில் குடிதண்ணீர் கேனை வைத்து, அதற்குத் தொப்பி போட்டு, நாள் கணக்கில் பார்த்தேன். வலையின் ஒரு முடிச்சு சரியாக இடது கண்ணுக்குக் கீழே விழ வேண்டும், கண் மட்டும் கட்டத்துக்குள் திறந்திருக்க வேண்டும். பின்னாலிருந்து தோளில் ஒரு நீலக் கோடு, அதற்கு ஒரு சின்ன லைட்டும் நீலக் கண்ணாடித்தாளும். தாடைக்குக் கீழே இருட்டைக் கொஞ்சம் திறக்க ஒரு துண்டு தெர்மாகோல். அந்தத் தெர்மாகோலைக் கடைசியில் எடுத்துவிட்டேன். அது இருந்தால் ஆரோக்கியமானவன் மாதிரித் தெரிகிறான்.

ஒரு வேலை நாளாகப் பார்த்து வரச் சொன்னேன். நோரா தேர்வு மேற்பார்வைக்குப் போயிருந்தாள். அவள் இருந்தால் "அவரை நிக்க வெக்காதீங்க, காத்தாடி போடுங்க" என்று குறுக்கே குறுக்கே வருவாள். முந்தின நாள்தான் டயாலிசிஸ் முடிந்திருந்ததால் லாயிட் தெளிவாக இருந்தான். பேக்கரி படிகளை இரண்டு தடவை உட்கார்ந்து ஏறினான். பழைய பச்சை ஜெர்சியைக் கொண்டுவந்திருந்தான். அதற்குள் இன்னொரு லாயிட் இருக்கலாம், அவ்வளவு தொளதொளப்பு. முதுகுப் பக்கம் துணி கிளிப் போட்டு இறுக்கினேன். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது.

என் ஸ்டூடியோவில் ஒரு பழக்கம் உண்டு. உட்கார வருகிறவரின் போனை நான் வாங்கி வைத்துவிடுவேன். போன் மடியில் இருந்தால் கண் கீழே போகும், கண் கீழே போனால் லைட் கண்ணுக்குள் விழாது. லாயிட் தன் போனை என் சட்டைப் பையில் தானே வைத்தான்.

"உன் கூடவே இருக்கட்டும். லாக் எதுவும் போடல. நான் பாத்ரூம்ல இருந்தாலும் யாராச்சும் எடுக்கணுமில்ல," என்றான்.

முதலில் எடுத்த படங்கள் எல்லாம் வீண். லாயிட் கோல்கீப்பராக நடித்தான். பல்லைக் கடித்தான், கையுறையைத் தட்டினான், டீக்கடைப் பையன்கள் மாதிரி முறைத்தான். கிளிசரின் கலந்த தண்ணீரை முகத்தில் ஸ்ப்ரே செய்தேன், மழைத்துளி மாதிரி நிற்க வேண்டும் என்பதற்காக. ஒரு துளி மேலுதட்டில் இறங்கியது. அவன் நாக்கு அதை நக்கியது. அவனுக்கே தெரியாமல் நடந்தது அது.

"இதுவும் தண்ணிக் கணக்குல வருமா மச்சான்?" என்று கேட்டான்.

கேட்டுவிட்டு மேலே லைட்டைப் பார்த்தான். அந்த முகம் வந்துவிட்டது, மேடம். நான் நாள் கணக்கில் தண்ணீர் கேனில் தேடிக்கொண்டிருந்த முகம். நான் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும்போது என் சட்டைப் பை அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியின் பெயர்.

லாயிட்டின் கண் என் மேல் வந்தது. "யாரு?"

"லோன் வேணுமான்னு ஒரு பொண்ணு."

"எனக்கா? என்ன நம்பி லோன் தர்றாளா? அவள மொதல்ல டாக்டர்கிட்ட காட்டு."

"சிரிக்காத. மேல பாரு. அப்படியே இரு."

அவன் அப்படியே இருந்தான். சொன்னால் கேட்கிறவன். நான் சில படங்கள் எடுத்தேன். போன் அதிர்ந்து ஓய்ந்தது. உடனே பேண்ட் பையில் என் போன் அடித்தது. இரண்டாவது நம்பர். நான் முதல் ரிங்கிலேயே எடுக்கிறவன், பழக்கம் விடவில்லை. லாயிட்டை அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு, கறுப்புத் துணியைத் தாண்டிப் படிக்கட்டுக்கு வந்து எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் கிட்னி வந்தால் ஆளைக் கூப்பிடும் வேலையைப் பார்க்கும் பையன், ஷ்ரேயாஸ். கன்னடக்காரன், தமிழும் பேசுவான்.

"சார், லாயிட் சார் போன் எடுக்கல. கிட்னி ஒண்ணு பந்திதே சார், வந்திருக்கு. பிளட் குரூப் மேட்ச். ஒடனே அவர் வரணும். ஜுரம், இருமல் ஏதாவது இருக்கா சார்? இருந்தா ஆபரேஷன் மாடக்காகல்ல, பண்ண முடியாது."

பாருங்கள், பதில் அவன் கேள்வியிலேயே இருந்தது. நான் ஒன்றும் புதிதாக யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை.

"ரெண்டு நாளா ஜுரம்தான்," என்றேன்.

"அய்யோ. கன்ஃபர்மா சார்? நூறுக்கு மேல இருக்கா?"

"இருக்கு. போர்த்திக்கிட்டுப் படுத்திருக்கான்."

அவனுக்கு நிஜமாகவே வருத்தம். "சரி சார். நெக்ஸ்ட் பேஷண்ட்டுக்குப் போகணும் அப்ப. நெக்ஸ்ட் டைம் நோடோணா, பாக்கலாம். லாயிட் சார்கிட்ட நான் பேசட்டா?"

"வேணாம் தம்பி. கைக்கு வந்தது போச்சுன்னு தெரிஞ்சா ஒடஞ்சிருவான். இனிமே எது வந்தாலும் மொதல்ல என் நம்பருக்கே பண்ணு. நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."

"நீங்க அவருக்கு அண்ணனா சார்?"

"அந்த மாதிரிதான்."

உள்ளே போனேன். லாயிட் நான் விட்ட இடத்திலேயே மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கழுத்து வலித்திருக்கும். என் எண்ணம் என்னவென்றால், கொஞ்ச நேரத்தில் படத்தை முடித்துவிட்டு ஷ்ரேயாஸைக் கூப்பிட்டு, ஜுரம் இறங்கிவிட்டது, தெர்மாமீட்டர்தான் தப்பு என்று சொல்லிவிடலாம். இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் எடுத்ததைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது வலையின் முடிச்சு கண்ணுக்குக் கீழே விழாமல் கண்ணிமை மேலேயே விழுந்திருந்தது. ஒரு விரற்கடை. லைட்டை இறக்கினேன். மறுபடி ஸ்ப்ரே. மறுபடி அவன் உதடு. சரியான படம் கிடைத்தபோது வெளியே வெயில் சாய்ந்துவிட்டது. அதற்கு மேல் கூப்பிட்டால் ஆயிரம் கேள்வி வரும். அந்தக் கிட்னி குப்பைக்குப் போகவில்லை என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். வரிசையில் அடுத்து இருந்தவருக்குப் போயிருக்கும். அந்த வீட்டில் எனக்காக மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும், அவர்களுக்குத் தெரியாது.

லாயிட்டுக்குப் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான்.

"நல்லா எடுத்திருக்க," என்றான். பிறகு, "ஆனா இவன் பந்துக்காகக் காத்துக்கிட்டு இருக்கிறவன் மாதிரி இல்லடா. கோல் விட்டவன் மாதிரி இருக்கான்."

"அது லைட்டு."

"லைட்டா," என்றான்.

துணி கிளிப்புகளைக் கழற்றினேன். அவன் முகம் துடைக்கப் போன நேரத்தில் அவன் போனிலிருந்து அந்த அழைப்பை அழித்தேன். திருப்பிக் கொடுத்தபோது வழக்கம்போல் கேட்டான்.

"ஒண்ணும் வரலியா?"

"லோன் பொண்ணு மட்டும்தான்."

தலையாட்டிவிட்டுப் படியிறங்கினான். கீழே பேக்கரிக்காரர் அவனுக்கு ஸ்டூல் போட்டு உட்காரவைத்ததை மேலே இருந்து பார்த்தேன்.

படம் கண்காட்சியில் மாட்டப்பட்டது. பரிசு இல்லை, பாராட்டுச் சான்றிதழ். டாய்லெட் போகும் வழியில் மாட்டியிருந்தார்கள், ஆனால் அங்கேதான் கூட்டம் நின்றது. நடுவர்களில் ஒருவர் என்னைத் தேடி வந்து, "நிழலை எப்படி இவ்வளவு கட்டுப்படுத்தினீர்கள்?" என்று கேட்டார். பொறுமை என்றேன். லாயிட்டால் வர முடியவில்லை. நோரா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து, படத்துக்கு முன்னால் நின்று, கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள்.

மழைக்காலத்தில் லாயிட் இறந்தான். நுரையீரலில் தண்ணீர் ஏறிவிட்டது. கார் பிடித்து, நானும் கூடப் போனேன். டிரினிட்டி சர்க்கிள் பக்கம் டிராஃபிக்கில் நின்றபோது அவன் தலை நோராவின் தோளில் இருந்தது, போன் கையில் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் போனை நான்தான் அவன் விரலிலிருந்து எடுத்தேன்.

பெட்டியின் மேல் வைக்க என்ன படம் என்று கேட்டேன். கோல்கீப்பர் படத்தைப் பெரிதாகப் போட்டு வைத்திருந்தேன்.

"அது வேணாண்ணா," என்றாள் நோரா. "அதுல அவரு பயந்துகிட்டு இருக்காரு."

கல்யாண போட்டோவிலிருந்து அவனை மட்டும் வெட்டி எடுத்துத் தரச் சொன்னாள். நான் எடுத்த படம்கூட இல்லை அது. இருந்தாலும் மனம் கோணாமல் செய்து கொடுத்தேன்.

காத்திருப்போர் வரிசையிலிருந்து பெயரை எடுக்க வேண்டும் என்று ஒருநாள் அவளே தனியாக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். நான் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவசரப்பட்டுவிட்டாள். அங்கே ஷ்ரேயாஸ் அவளை உட்காரவைத்து, ஆறுதல் சொல்வதாக நினைத்து, "அன்னிக்கு மட்டும் ஜுரம் இல்லாம இருந்திருந்தா மேடம்" என்று சொல்லியிருக்கிறான்.

நேரே என் ஸ்டூடியோவுக்கு வந்தாள். குடை நனைந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பிள்ளைகளிடம் கேட்பாளே, அந்தக் குரலில் கேட்டாள்.

"எந்த ஜுரம்?"

"ஆஸ்பத்திரிக்காரங்க ஆளை மாத்திச் சொல்லியிருப்பாங்க நோரா. ஒரு நாளைக்கு எத்தனை பேஷண்ட்டு பாக்கிறாங்க."

"தேதி கேட்டேன். நீங்க அவரை இங்க உக்கார வெச்ச நாள் அது. அவருக்கு ஜுரம் இருந்துச்சா?"

நான் லைட்டின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து சுற்றினேன்.

"இருந்துச்சா, இல்லியா? ஒரே வார்த்தை சொல்லுங்க."

"இல்ல," என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போடுவாள் என்று நான் கதவை மூடிவைத்ததுதான் மிச்சம். சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இறங்கிப் போனாள். அன்றைக்கு அவள் என்னை ஒரு தடவைகூட அண்ணா என்று கூப்பிடவில்லை என்பது அவள் போன பிறகுதான் உறைத்தது. உங்களிடம் வந்துவிட்டாள் என்பது மறுநாள் தெரிந்தது. அதுவும் மௌரீன் அக்கா சொல்லித் தெரிந்தது. என் விஷயமே எனக்கு இரண்டாம் கையாக வந்தது.

ஒரு படத்துக்காக ஒரு மனுஷனையா என்று கேட்டீர்கள். ஆமாம். கலைக்காக எத்தனையோ பேர் எத்தனையோ செய்திருக்கிறார்கள், நான் ஒரு பொய்தான் சொன்னேன். வாய்தவறிச் சொன்னது என்றோ கோபத்தில் சொன்னது என்றோ நான் கதை கட்டவில்லை. அந்த முகம் அன்றோடு போய்விடும், கிட்னி கிடைத்தால் அவனும் மற்றவர்களைப் போல இரண்டு பக்கமும் கன்னம் உப்பி, பஸ்ஸுக்கு ஓட ஆரம்பித்துவிடுவான் என்று எனக்குத் தெரியும். அதனால் செய்தேன். இதுதான் என் வாக்குமூலம், கையெழுத்துப் போடத் தயார்.

நீங்கள் கேட்டது அந்த ஒரு அழைப்பைத்தான். ஷ்ரேயாஸுக்கும் அது ஒன்றுதான் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரியில் தேடினால் இன்னொன்று கிடைத்துவிடும், அப்போது கிளெமென்ட் மறைத்தான் என்பீர்கள். அதனால் நானே எழுதுகிறேன். ஈஸ்டர் கழிந்து சில வாரம் ஆகியிருந்தது. ஷ்ரேயாஸ் லீவு. வேறு ஒரு பெண் பேசினாள். முதலில் என் நம்பருக்கே கூப்பிடச் சொல்லி எழுதிவைத்திருந்தார்களாம், அதனால் லாயிட்டுக்குப் போகவே இல்லை. கிட்னி வந்திருக்கிறது, வர முடியுமா என்றாள். அவள் ஜுரம் என்ற வார்த்தையைச் சொல்லக்கூட இல்லை. நானாகத்தான் சொன்னேன். படம் அதற்குள் மாட்டிக் கழற்றியாகிவிட்டது. நான் கறிக்கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் கேமரா இல்லை.

பக்கத்தில் மௌரீன் அக்கா நின்றிருந்தாள். ஆஸ்பத்திரி என்பது மட்டும் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். "லாயிட் விஷயமாப்பா? ஏதாச்சும் வந்துச்சா?" என்றாள். வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பினார்கள், கறிக்கடைக்காரர்கூடக் கத்தியை நிறுத்தினார்.

"இல்லக்கா. இன்னும் ஒண்ணும் வரல," என்றேன்.

"பாவம்பா அந்தப் பொண்ணு," என்று அவள் என் தோளைத் தட்டினாள். "நீ ஒருத்தன் இல்லாட்டி அந்த வீடு என்னா ஆகும்?"

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டே போனேன், மேடம். நான் ஒருவன் இல்லாவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கே கவலையாக இருந்தது.